மச்சான் படித்த மரியாதை

மரியாதையை ஃபீஸ் கட்டிப் படித்த ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் திருப்பதி மச்சான்தான். மற்றவர்களுக்கெல்லாம் அது பிறவியிலேயே வந்தது என்று நான் பெருமை பேச மாட்டேன். எங்கள் ஆட்களிலும் மரியாதை கெட்ட கழுதைகள் ஏராளம். ஆனால் அவர்கள் திட்டினால் அது திட்டு என்று தெரியும், திருப்பித் திட்டலாம். மச்சான் படித்துவந்த மரியாதையில் அந்த வசதி கிடையாது. முறைப்படி நான் அவரை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன்.

அவன் என் அத்தை ஒச்சம்மாளின் ஒரே மகன். அத்தை புருசனைப் பறிகொடுத்துவிட்டுக் கைப்பிள்ளையோடு போடி பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் சிலமலைக்குத் திரும்பி வந்தபோது, என் அப்பா சோணை தன் வீட்டையும் இருந்த கொஞ்சக் காட்டையும் தங்கைக்கு விட்டுவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஏறிவிட்டார். நான் அங்கே தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். அப்பாவின் உழைப்பில் பாதி மலையிறங்கி சிலமலைக்குப் போனது. மச்சான் தின்ற சோறும் போட்ட சட்டையும் படித்த படிப்பும் அதில் வந்தவைதான்.

பதிலுக்கு அப்பா ஒன்றும் கேட்கவில்லை. வீரலட்சுமி திருப்பதிக்கு என்பது நான் தவழும்போதே முடிவான விஷயம். அதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூடப்பிறந்தவளிடம் போய் 'உன் மகன் என் மகளைக் கட்டுவானா' என்று கேட்டால், கட்டாமல் போய்விடுவான் என்று சந்தேகப்படுவதாக ஆகிவிடும். அதைவிட அவமானம் அவளுக்கு வேறு இல்லை. அதனால் அப்பா கேட்கவே இல்லை. எனக்குப் பத்து வயதில் அம்மா காய்ச்சலில் போய், வீட்டில் பேச ஆளில்லாமல் போனபோதும் கேட்கவில்லை.

எழுபத்தேழில் மச்சான் போடியில் காலேஜ் முடித்தான். அந்த வருடம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில், மெட்ராசிலிருந்து வந்த ஒருவர் இங்கிலீஷும் மேனர்ஸும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். போடி வெயிலில் டை கட்டிக்கொண்டு நடமாடிய ஒரே ஜீவன் அவர். ஊரில் அவருக்கு மேனர்ஸ் மாஸ்டர் என்றே பெயர். மச்சான் அங்கே சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் கன்னையன் அண்ணனின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, அந்த வாரம் படித்ததை எல்லாம் என் தலையில் இறக்கினான்.

"நாளைக்குப் பெரிய எடத்துல பழகப் போறவ. இப்பவே கத்துக்கணும் லட்சுமி" என்பான்.

அந்த 'நாளைக்கு' என்பதில் நான் குடியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஏலக்காய் எடுக்கப் போனவள் நான். செடியின் அடியில் ஓடும் சரத்தில் விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டே இங்கிலீஷ் வாக்கியங்களை முணுமுணுப்பேன். பக்கத்து வரிசைப் பெண்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். மச்சான் ஒரு தடவை சொன்னது எனக்கு மறக்காது. அவன் தடுமாறுகிற இடத்தில் நான் தடுமாற மாட்டேன். அதை மட்டும் அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அவன் சொன்ன சட்டங்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, அது அவர் சொந்த விஷயம். எங்கள் மலையில் பனி இறங்கினால் நாலடியில் நிற்பவள் தெரிய மாட்டாள். எங்கே போகிறாய் என்று கேட்டு வைத்தால்தான் யானை வந்த அன்று எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும். இதைச் சொன்னேன். "லண்டன்ல ஏது யானை?" என்றான்.

விருந்தாளியிடம் ஒரு தடவைதான் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதைக் கன்னையன் அண்ணனிடம் பழகிப் பார்த்தேன். விடிகாலையில் குளிரில் ஜீப்பை ஓட்டிவந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சாயா குடிக்கிறீகளா?"

"வேணாம் ஆத்தா" என்றார் அவர். எங்களில் முதல் தடவை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாவது தடவைதான் கையை நீட்டுவார்கள். நான் சரி என்று சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். மனுசர் வாசலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அப்பாவிடம், "சோணண்ணே, ஒங்க மகளுக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா என்னைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். மச்சானிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது எல்லாமே விளையாட்டாக இருந்தது.

ஒரே ஒரு சட்டம் மட்டும் எனக்கு விளையாட்டாக இல்லை. பெண் உள்ளே வந்தால் ஆண் எழுந்து நிற்க வேண்டும் என்பது. முதல் தடவை நான் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழைந்தேன், கட்டிலில் இருந்த மச்சான் சட்டென்று எழுந்து நின்றான். வாரம் முழுக்க முதுகு வளைந்து காய் எடுத்துவிட்டு, சேறும் அட்டைக்கடியுமாக வந்து நின்ற எனக்காக ஒரு படித்த ஆண் எழுந்து நின்றான். அதுவரை எனக்காக ஒரு நாய்கூட நகர்ந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுக்களையில் குடத்தை இறக்கிவைப்பதுபோல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காரணமும் இல்லாமல் வெளியே போய்விட்டு வெளியே போய்விட்டு உள்ளே வருவேன்.

எண்பதில் கொச்சியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. இங்கிலீஷுக்காகவும் மேனர்ஸுக்காகவும்தான் கிடைத்தது என்று அத்தை ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். அப்பா லயம் முழுக்க அவலும் வெல்லமும் கொடுத்தார். மச்சான் வருவது குறைந்தது. ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேண்ட்டும் பளபளக்கிற செருப்புமாக, கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தான். வெறுங்கையோடு வரக் கூடாது, அதுவும் சட்டம்தான். டப்பாவை அப்பாவிடம் இரண்டு கையாலும் நீட்டினான்.

"மாமா, நீங்க எனக்கும் அம்மாவுக்கும் செஞ்சதுக்கெல்லாம் ரொம்ப நன்றி."

அப்பா டப்பாவை வாங்காமல் அவன் முகத்தைப் பார்த்தார். "என்ன மாப்ளே, புதுசா? வேத்தாளுக்குச் சொல்றாப்ல நன்றி சொல்ற?"

எங்களில் சொந்தத்துக்குள் நன்றி சொல்வது கிடையாது. தண்ணீர் மோந்து கொடுத்த அப்பாவிடம் ஒருநாள் நான் தேங்க்ஸ் என்றதற்கு, "நான் என்ன கடைக்காரனா?" என்று கேட்டவர் அவர். நன்றி சொன்னால் பற்றுவரவு முடிந்தது, இனி நீ யாரோ நான் யாரோ என்று ஆகிவிடும். மச்சானுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. போடியில் ஒரு ஏலக்காய் மண்டிக்காரர் மகளைப் பேசி முடித்திருக்கிறது, கம்பெனிக்கும் அவர்களுக்கும் பழக்கம், அடுத்த தை மாதம் கல்யாணம் என்று வரிசையாகச் சொன்னான். "லட்சுமிய நான் தங்கச்சி மாதிரித்தான் மாமா நெனச்சேன்" என்றான்.

அப்பா கையால் காதைப் பொத்திக்கொண்டார். மாமன் மகளைத் தங்கச்சி என்பது எங்களில் வாயில் வரக் கூடாத வார்த்தை.

"அடேய், நீயும் அவளும் முறையில்லயாடா?"

"முறைதான் மாமா. ஆனா நீங்க ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டீகளா? நானாச்சும் கட்டுறேன்னு சொன்னேனா? கேள்வியும் இல்ல பதிலும் இல்ல. பெறகு வாக்கு எங்க இருந்து வந்துச்சு?"

கேட்காமல் இருந்ததற்கு என்ன பொருள் என்பதை, அது தெரிந்தவனிடமே எப்படி விளக்குவது? நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் வரும்போதெல்லாம் எந்திருச்சு நின்னீகளே மச்சான், அது தங்கச்சிக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான். "அது பொதுவா லேடீசுக்குக் குடுக்குற மரியாத லட்சுமி. யாரு வந்தாலும் நிக்கணும்."

யார் வந்தாலும் நிற்க வேண்டுமாம். நான்கு வருடம் நான் வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. அவன் ஜீப்புக்கு நடந்ததும் பிஸ்கட் டப்பாவை ஓடைச் சரிவில் எறிந்தேன்.

அடுத்த வாரம் அத்தை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்தாள். தாய்மாமன் தலைப்பாகையாக உருமா கட்டி மாலை போட்டால்தான் மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியும். அது இல்லாமல் போடி மண்டபத்தில் மகனை உட்காரவைத்தால் ஊர் காறித் துப்பும். அத்தை தட்டை நீட்டியபடி, "அண்ணே, எம் பேச்சு எடுபடல. வேற யாருகிட்டப் போயி நிப்பேன்?" என்று அழுதாள்.

"வாங்காதீக அப்பா" என்றேன்.

"தட்டோட வந்தவள எப்புடித்தா வெறுங்கையா அனுப்புறது? கூடப் பொறந்தவ" என்று சொல்லி அப்பா வாங்கிக்கொண்டார். அவருக்கு யாரும் மேனர்ஸ் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் படிக்காத அந்த மரியாதைதான் எங்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனது. அத்தை போன பிறகு இன்னொன்றும் சொன்னார். "பொண்ணத்தான் கொடுக்க முடியல. மாமங்கிற பாத்தியதையாச்சும் மிஞ்சட்டும். அதயும் விட்டுட்டா நமக்கு அங்க என்ன இருக்கு?"

அதற்காகத்தான் நானும் கல்யாணத்துக்குப் போனேன். நான் போகாவிட்டால் சோணை மனத்தாங்கலோடு வந்திருக்கிறான் என்று பேசுவார்கள். பேசினால் அந்த உருமாவுக்கு மதிப்பு இருக்காது.

கல்யாணக் காலையில் அப்பாவைப் பார்க்க வேண்டும். புது வேட்டி, புது துண்டு. மச்சான் தலையில் உருமா கட்டினார். மச்சான் குனிந்து காலைத் தொட்டான். கூடியிருந்தவர்கள், "மாமன்னா இப்புடியில்ல இருக்கணும்" என்றார்கள். அப்பா முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து, போகட்டும், இதாவது கிடைத்ததே என்று நினைத்தேன்.

மத்தியானம் கொச்சியிலிருந்து மச்சானின் கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். மலையாளக்காரர், தமிழ் தெரியாது. மண்டபத்துக் கோடியில் அவருக்குத் தனியாக மேசை போட்டு இலை விரித்தார்கள். பக்கத்தில் மச்சான் மரியாதையாகக் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் மாமன் என்ற முறையில் விருந்தாளியைக் கவனிக்க வேண்டியது அப்பா பொறுப்பு. அவர் பாயசச் செம்போடு போய், "நல்லாச் சாப்புடுங்க சாமி, கூச்சப்படாம சாப்புடுங்க" என்று இலையில் ஊற்றினார். போதும் என்று அவர் கையைக் காட்ட, எங்கள் வழக்கப்படி அப்பா இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். நான் அப்பளக் கூடையோடு பின்னால் நின்றேன்.

மேனேஜர் அப்பாவைக் காட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மச்சான் கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டான். பிறகு ஆங்கிலத்தில், இவர் பெயர் சோணை, மலையில் எங்கள் குடும்பத்துக்கு வேலை பார்க்கிறவர், ரொம்ப வருடமாக இருக்கிறார், விசுவாசமான ஆள் என்றான்.

அப்பா தன் பெயர் காதில் விழுந்ததும் சிரித்தபடி செம்பும் கையுமாகக் கும்பிட்டார்.

அந்த மேசையைச் சுற்றி ஆங்கிலம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். சொன்னவன், கேட்டவர், நான். எனக்குத் தெரியும் என்பதை அவன் மறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காய் எடுக்கிறவள் காதில் அதெல்லாம் ஏறியிருக்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

என் வாய் தானாகத் திறந்தது. குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, இவர் வேலைக்காரர் இல்லை, மாப்பிள்ளையின் அம்மாவோடு கூடப்பிறந்த அண்ணன், இந்த மாப்பிள்ளையை வளர்த்தவர் என்று சொன்னேன். எல்லாம் ஆங்கிலத்தில், அவன் சொல்லிக்கொடுத்த அதே அடங்கிய குரலில், ஒரு பிழையும் இல்லாமல்.

மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. எதுவும் காதில் விழாதவர்போல் பாயசத்தைப் பார்த்து, பிரமாதம் என்றார். அடுத்தவருக்குச் சங்கடம் நேர்ந்தால் கவனிக்காததுபோல் இருப்பதும் மேனர்ஸ்தான் போலிருக்கிறது. மச்சானின் காது மட்டும் சிவந்திருந்தது.

அப்பா எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாப்ளே? புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. பெரியவங்க பேசுறப்ப லட்சுமி கொஞ்சம் எடக்கு மடக்காப் பேசிருச்சு. பரவால்ல, விடுங்க."

அப்பா செம்பைக் கீழே வைத்தார். பக்கத்துப் பந்தியில் சிலமலை ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"நல்ல நாளும் அதுவுமா, வந்த மனுசங்கிட்ட மரியாத இல்லாம பேசுறியா? மன்னிப்புக் கேளு. மாப்ளகிட்டயும் கேளு. இங்கிலீசுலயே கேளு, அவருக்கும் வெளங்கட்டும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். காலையில் உருமா கட்டிய கை அது, மஞ்சள் இன்னும் போகவில்லை. மாட்டேன் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அத்தனை சொந்தபந்தத்துக்கும் நடுவில், கையில் பாயசக் கரண்டியோடு அவர் அதைக் கேட்டாக வேண்டும். மச்சானுக்கும் அது தெரிந்திருந்தது. நான் சொல்ல மாட்டேன் என்ற தைரியத்தில் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐ யாம் சாரி, சார்" என்றேன். பிறகு அவன் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை சொன்னேன்.

"இட்ஸ் ஆல்ரைட்" என்றான் மச்சான், பெருந்தன்மையாக.

அப்பாவுக்கு உயிர் வந்தது. "எம் மக சாமி. மாப்ள சொல்லிக்குடுத்ததுதான் எல்லாம்" என்று மேனேஜரிடம் தமிழில் பெருமையாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் பாயசச் செம்பை எடுத்தார்.

சாயங்காலம் கன்னையன் அண்ணன் ஜீப்பில் மெட்டு ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அந்த ஆளு என்னயத்தானத்தா யாருன்னு கேட்டாரு? மாப்ள என்ன சொன்னாப்ல?"

தாய்மாமன் என்ற அந்தப் பாத்தியதை ஒன்றைத்தான் அவர் மலையிறங்கிப் போய் வாங்கி வந்திருந்தார். அதைப் பறிக்க எனக்குக் கை வரவில்லை.

"தாய்மாமன்னு சொன்னாரு. அவருதான் என்னய வளத்தாருன்னு சொன்னாரு" என்றேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அவருக்கு என்மேல் கோபம் வந்தது.

"அம்புட்டு மரியாதையாச் சொல்லியிருக்கான். அப்பறம் எதுக்குடி நீ குறுக்க வாயக் கொடுத்த?"

பொறாமையில் பேசிவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதைப் பெரிய மனசு பண்ணி மன்னித்தும்விட்டார்.

மச்சான் அதன் பிறகு மலைக்கு வரவில்லை. கொச்சியிலிருந்து வருடா வருடம் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. அப்பா அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். லயத்துக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், ஸ்டோரில் காய் உலர்த்தும்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், கொச்சி மேனேஜரிடம் மருமகன் தன்னைத் தாய்மாமன் என்று இங்கிலீஷில் சொன்ன கதையைச் சொல்வார். நம்பாதவர்கள் இருந்தால் என் பக்கம் கையை நீட்டி, "இந்தா, எம் மகளக் கேளுங்க, இவளுக்கு இங்கிலீசு தெரியும்" என்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் காயைக் கிளறிக்கொண்டே ஆமாம் என்பேன்.